திறந்த ஏடும் மூடிய பேழையும்: மறைகுறி ஆராய்ச்சியில் கணித மென்பொருளின் இடம்

ஒரு பொருளின் உண்மையை அறிதற்குரிய கருவிகளை நம் முன்னோர் அளவை என்றனர். அளவைகள் பலவாயினும் அவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குதல் சைவ சித்தாந்த நூலார் கொள்கை. நேரே கண்டு தெளிவது காட்சி. கண்டதனை ஏதுவாகக் கொண்டு காணாததனைத் துணிவது கருதல். நம்பத்தகுந்த சான்றோன் சொல்லை ஏற்பது உரை. கணிதம் இம்மூன்றனுள் கருதலையே உயிராகக் கொண்ட துறையாகும். பைதகரசு கூறினார் என்பதற்காக எவரும் அவர் தேற்றத்தை ஏற்பதில்லை. நிறுவலைக் கற்றே ஏற்கின்றனர். ஆயின் இக்காலத்துக் கணித அறிஞர் பலர், கையாற் செய்தற்கரிய கணிப்புகளைக் கணினியிடம் ஒப்புவித்து, அது தரும் விடையைத் தம் கட்டுரைகளிற் பொறிக்கின்றனர். அவ்விடை கருதலின்பாற்படுமா, அன்றி உரையின்பாற்படுமா? மறைகுறியியலைப் பொறுத்தவரை இவ்வினா வெறும் சொற்போர் அன்று. வங்கிக் கணக்கும் மருத்துவ அறிக்கையும் அரசாங்கக் கடிதமும் காக்கப்படுதல் அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தது.

மறைகுறியியல் ஏனைய கணிதத் துறைகளினின்றும் ஒரு வகையில் வேறுபட்டது. இன்று வழக்கிலுள்ள பொதுத் திறவுகோல் முறைகளுள் எதனையும், உடைக்கவே இயலாதது என எவரும் நிறுவியதில்லை. பெரிய நிறைவெண்ணைக் காரணிப்படுத்தல் கடினம் என்பது நம்பிக்கையேயன்றித் தேற்றமன்று. பல்லாண்டுகளாகப் பலர் முயன்றும் முடியவில்லை என்பதே அந்நம்பிக்கைக்கு ஆதாரம். எனவே, முயன்றவர் எத்துணைத் திறமையுடன் முயன்றனர், எத்தகைய கருவிகொண்டு முயன்றனர் என்பன இத்துறையில் உயிர்நாடியான கேள்விகள் ஆகின்றன. 1883 இல் ஒகஸ்ட் கெர்க்கொவ்ஸ் என்பார் இராணுவ மறைகுறிகள் பற்றிப் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையில் ஒரு விதி வகுத்தார். மறைகுறி முறை பகைவர் கையிற் சிக்கினும் கேடு விளைதல் கூடாது. இரகசியமாயிருக்க வேண்டியது திறவுகோல் ஒன்றே என்பது அதன் கருத்து. இவ்விதியை இத்துறையார் எல்லோரும் ஒப்புக்கொள்வர். முறை வெளிப்படையாயிருத்தல் வேண்டுமெனில், அம்முறையைச் சோதிக்கும் கருவியும் வெளிப்படையாயிருத்தல் வேண்டாமா என்று கேட்பது இயல்பே. இக்கேள்வியினின்றே திறந்த மூலநிரல் இயக்கத்தாரின் வாதம் தொடங்குகின்றது.

அவ்வியக்கத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் ஈண்டுப் பொருந்தும். எண் கொள்கை ஆராய்ச்சிக்கெனப் பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் ஹென்றி கோஹெனும் அவர்தம் துணைவரும் 1985 அளவில் ஒரு மென்பொருளை ஆக்கத் தொடங்கினர். அது, நம் வள்ளல் ஒருவன் பெயரோடு ஒலியொத்து, பாரி எனப் பெயர் பெற்றது. பெயருக்கேற்ப அனைவர்க்கும் இலவசமாகவே வழங்கப்பெறுகின்றது. 1986 இல் செருமனியின் ஆகென் நகரில் யோவாகிம் நொய்பூசர் கூட்டக் கொள்கைக்கெனக் கப் என்னும் மென்பொருளைத் தொடங்கினார். மறுபுறத்தில், சிட்னிப் பல்கலைக்கழகத்தில் யோன் கனன் தலைமையில் உருவாகி 1993 இல் வெளிவந்த மக்மா, அட்சரகணிதத்திலும் எண் கொள்கையிலும் நிகரற்றதென மதிக்கப்பெற்றது. அது கட்டணம் செலுத்தி உரிமம் பெறுவோர்க்கே உரியது. அதன் மேற்பகுதிகள் சிலவற்றின் நிரலைப் பயனாளர் படிக்கலாமாயினும், கரு மூடியே கிடக்கின்றது. இந்நிலையில், மக்மாவுக்கே பல பகுதிகளை எழுதி உதவிய வில்லியம் ஸ்ரைன் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், 2005 இல் சேஜ் என்னும் மென்பொருளை வெளியிட்டார். மக்மா, மேப்பிள், மதமற்றிக்கா, மற்லப் ஆகிய நான்கிற்கும் ஈடாக நிற்கத்தக்க திறந்த மென்பொருள் ஒன்றை ஆக்குதலே தம் நோக்கமென அவர் அறிவித்தார். பாரி, கப், சிங்குலர், மக்சிமா முதலிய முன்னைய படைப்புகளை ஒதுக்காது, பைதன் என்னும் நிரல்மொழியால் அவற்றை ஒருங்கிணைத்தமை அவர் செய்த சிறந்த காரியமாகும்.

இயக்கத்தாரின் வாதங்கள் இரண்டு. முதலாவது அறம் பற்றியது. ஒரு தேற்றத்தை நூலகத்து நூலிற் படித்தவன் அதனை ஆயுள் முழுதும் கட்டணமின்றிக் கையாளலாம். அங்ஙனமிருக்க, அத்தேற்றத்தின்வழிக் கணிக்கும் மென்பொருளுக்கு மாத்திரம் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துதல் என்ன முறை என்று நொய்பூசர் 1993 இல் வினவினார். இரண்டாவது வாதம் அறிவு பற்றியது. 2007 இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழொன்றில் டேவிட் ஜொய்னரும் ஸ்ரைனும் எழுதிய கருத்துரை இதனை வற்புறுத்தியது. படிக்க முடியாத நிரலைச் சான்றாகக் கொண்ட நிறுவல், இடையில் ஏடு மறைக்கப்பட்ட நிறுவலை ஒக்கும் என்பதே அவர்தம் கருத்தின் சாரம். அளவை நூலார் மொழியிற் கூறின், மூடிய மென்பொருளின் விடை உரையளவையாம். அதனைக் கருதல் என மயங்குதல் கூடாது.

இவ்வாதம் வெறுங்கற்பனை அன்று என்பதற்கு 2014 இல் அதே கழகத்தின் இதழில் வெளிவந்த ஒரு கட்டுரை சான்று பகரும். துரான், பேரெஸ், வரோனா என்னும் மூன்று கணித அறிஞர், பேரெண்களை உறுப்புகளாகக் கொண்ட தாயங்களின் துணிகோவைகளை மதமற்றிக்காவைக் கொண்டு கணித்தனர். விடைகள் பிழைத்தன. ஒரே துணிகோவையை மீட்டும் கணித்தபொழுது வெவ்வேறு விடைகள் கிடைத்தமையும் உண்டு. வேறொரு மென்பொருளோடு ஒப்புநோக்கியே அவர்கள் பிழையை உணர்ந்தனர். நிரல் மூடியிருந்தமையால் பிழையின் காரணத்தை அவர்களால் ஆராய்ந்தறிய இயலவில்லை. உரையளவையின் குறைபாடு இதனின் தெளிவாக வெளிப்படுதல் அரிது.

இனி, இயக்கத்தாரின் கொள்கையை மறைகுறி வரலாற்றின் அண்மை நிகழ்ச்சியொன்றில் வைத்து உரைத்துப் பார்த்தல் வேண்டும். குவாண்டக் கணினி தோன்றின் இன்றைய பொதுத் திறவுகோல் முறைகள் பல வீழும் என அஞ்சி, அமெரிக்கத் தேசிய நியமங்கள் தொழினுட்ப நிறுவகம் புதிய முறைகளை வரவேற்றது. 2017 இல் அதற்கு அனுப்பப்பட்டவற்றுள் சைக் என்பது ஒன்று. டேவிட் ஜாவோவும் லூக்கா டி ஃபேயோவும் 2011 இல் முன்மொழிந்த கருத்தே அதன் அடிப்படை. நீள்வளைய வளையிகள் எனப்படுபவற்றுள் ஒருவகை எண்ணிறந்தவற்றை ஊர்களாகவும், ஐசோஜெனி என்னும் தொடர்புகளை அவ்வூர்களை இணைக்கும் பாதைகளாகவும் கருதுக. புறப்பட்ட ஊரும் சேர்ந்த ஊரும் யாவர்க்கும் தெரியும். சென்ற பாதையே இரகசியம். இம்முறையின் பொதுத் திறவுகோல் போட்டியாளர் பலருடையதினும் சிறியது; அதன் சிறிய வகையில் 330 பைற்று மாத்திரமே. 2022 யூலை 5 ஆம் நாள் நிறுவகம் அதனை நான்காம் சுற்று ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது.

அம்மாதம் முடியுமுன்னரே சைக் வீழ்ந்தது. பெல்சியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வூட்டர் காஸ்ட்றிக், தோமஸ் டெக்ரூ ஆகிய இருவரும் வெளியிட்ட கட்டுரை, அம்முறையின் சிறிய வகையை ஒற்றைக் கணிப்பகத்தையுடைய சாதாரணக் கணினி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைக்கும் எனக் காட்டியது. மைக்ரோசொவ்ட் நிறுவனம் 50,000 டொலர் பரிசு வைத்திருந்த அறைகூவற் கணக்கு 6 நிமிடத்தில் விடுபட்டது. இருவரும் கையாண்ட ஆயுதம் யாது? கனடாவின் ஏணஸ்ற் கானி 1997 இல், மறைகுறியைப் பற்றிய எண்ணம் சிறிதுமின்றி நிறுவிய தூய கணிதத் தேற்றமொன்று. வழிச்செல்வோர் இருவரும் ஒரே முடிவை எய்துதற்பொருட்டு, சைக் முறையில் துணைப்புள்ளிகள் சிலவற்றின் நிலையும் வெளியிடப்பட்டது. கானியின் தேற்றத்தின்படி, அத்துணைப்புள்ளிகளைக்கொண்டு இரு வளையிகளை ஒட்டி உயர்ந்த பரிமாணத்திற் செல்லும்போது, இரகசியப் பாதையைச் சரியாக ஊகித்தால் மாத்திரம் முடிவில் அவை மீண்டும் இரண்டாகப் பிளவுறும். பிழையாக ஊகித்தாற் பிளவுறா. ஊகம் சரியா பிழையா என அடிதோறும் சொல்லும் குறி கிடைத்துவிட்டபின், பாதையை அறிதல் எளிதாயிற்று.

இந்நிகழ்ச்சியில் மென்பொருள் பெற்ற இடத்தை நோக்குவோம். கண்டுபிடித்தோர் தம் நிரலை மக்மாவிலேயே எழுதினர். உயர்ந்த பரிமாணப் பொருள்களைக் கையாளும் வசதி அதன்கண் ஆயத்தமாக இருந்தமை வெளிப்படை. அவர்கள் தம் நிரலை மறைத்தாரல்லர், எல்லோர்க்கும் வெளியிட்டனர். எனினும் அதனை இயக்கிப் பார்க்க உரிமம் வேண்டியிருந்தது. ஏடு திறந்திருந்தது, ஆயின் அதனைப் படித்தற்குரிய விளக்கு விலைக்குரியதாயிருந்தது. சில நாள்களுள் ஜியாகோமோ போப், ரெமி ஊடொம்பெங் முதலியோர் அந்நிரலைச் சேஜில் மறுவலும் எழுத முற்பட்டனர். இவ்வேலை எளிதாக இருக்கவில்லை. வேண்டிய பகுதிகள் சில சேஜில் இல்லை. இருந்தவற்றுட் சில மிக மெதுவாக இயங்கின. அவர்கள் வாய்பாடுகளைத் தாமே வருவித்து, மென்பொருளின் உட்பகுதிகளையும் ஆராய்ந்து, முதலில் எழுதியதனினும் ஏறத்தாழ எட்டு மடங்கு விரைவுடையதாக ஆக்கினர். அவ்வனுபவத்தைத் தனிக் கட்டுரையாகவும் அதே ஆண்டில் வெளியிட்டனர். முதற் கட்டுரையாசிரியரும் பிறர் தந்த திருத்தங்களைத் தழுவித் தம் காலக் கணக்கை ஒரு மணியிலிருந்து பத்து நிமிடமளவாகக் குறைத்தனர்.

இந்நிகழ்ச்சியைத் திறந்த மென்பொருளின் வெற்றியெனப் பலர் போற்றினர். அப்புகழுரையை அப்படியே ஏற்றல் திறனாய்வுக்கு அழகன்று. முதலாவதாக, கண்டுபிடிப்பு மூடிய மென்பொருளின் துணையுடனேயே நிகழ்ந்தது. இரண்டாவதாக, சைக் உடைந்தது என்பதை நம்புதற்குச் சேஜ் வேண்டியதில்லை. கைப்பற்றிய திறவுகோல் பூட்டைத் திறந்ததா என்பதை எவரும் கண்டு தெளியலாம். இது கருதல் அன்று, காட்சியாம். 250 இலக்கமுடைய ஆர்எஸ்ஏ-250 என்னும் எண்ணை 2020 பெப்ருவரியில் ஆய்வாளர் அறுவர் திறந்த மென்பொருளொன்றால் காரணிப்படுத்தினர். ஏறத்தாழ 2,700 கணிப்பக ஆண்டுகள் அதற்குச் செலவாயின. ஆயினும் கிடைத்த இரண்டு காரணிகளையும் ஒன்றோடொன்று பெருக்கிப் பார்க்க ஒரு மாணவனுக்குத் தாளும் பொறுமையும் போதும். தம்மைத் தாமே மெய்ப்பித்துக்காட்டும் இத்தகைய விடைகள் திறந்த நிரலில் பிறந்தாலென்ன, மூடிய நிரலில் பிறந்தாலென்ன? இவ்விடத்தில் இயக்கத்தாரின் அறிவு பற்றிய வாதம் வலியிழக்கின்றது. எஞ்சுவது அறம் பற்றிய வாதமே.

ஆயின், மறைகுறி ஆராய்ச்சியின் விடைகள் யாவும் இவ்வகையின அல்ல. ஒரு முறை உடைந்தது என்பது காட்சிக்குரியது; ஒரு முறை உடையாது என்பதோ காட்சிக்கு எட்டாதது. இம்முறையை உடைக்க 2 இன் 128 ஆம் அடுக்களவு செய்கைகள் வேண்டும் என்று ஓர் ஆய்வாளர் எழுதினால், அதனைச் செய்து பார்த்து மெய்ப்பிக்க எவராலும் ஒல்லாது. அம்மதிப்பீடு பல எடுகோள்களின் மேலும், அவற்றை எண்ணாக மாற்றும் ஒரு நிரலின் மேலும் நிற்கின்றது. 2024 ஓகத்து 13 ஆம் நாள் அமெரிக்க நிறுவகம் நியமமாக வெளியிட்ட புதிய திறவுகோற் பரிமாற்ற முறை, சாலகம் எனப்படும் ஒழுங்கான புள்ளிவரிசை பற்றிய கணக்குகளின் கடினத்தை நம்பியது. அத்தகைய கணக்குகளின் கடினத்தை மதிப்பிடுதற்கெனப் பலர் கையாளும் கருவியொன்று, மார்ட்டின் அல்பிரெக்டும் துணைவர் இருவரும் 2015 இல் வெளியிட்ட ஆய்வினின்றும் வளர்ந்தது. அது சேஜில் எழுதப்பெற்றது; எவரும் படிக்கவும் திருத்தவும் தக்கது. இங்கேதான் திறந்த மூலநிரலின் உண்மையான பெருமை விளங்குகின்றது. மதிப்பீட்டில் ஐயங்கொண்டவர் இன்ன வரியில் இன்ன எடுகோள் தவறு என விரல்வைத்துச் சுட்டலாம். மூடிய கருவியாயின், கருவி அவ்வாறு கூறியது என்பதற்கப்பால் வாதம் ஓரடியும் நகராது. ஆகவே, தானே மெய்ப்பித்துக்கொள்ளும் விடைக்குத் திறந்த நிரல் ஓர் அணிகலன். தானே மெய்ப்பித்துக்கொள்ளாத மதிப்பீட்டுக்கு அஃது உயிர்நிலை. இயக்கத்தார் இவ்விரண்டையும் வேறுபிரியாது ஒருசேரப் பேசுதலே அவர்தம் வாதத்தின் முதற் குறை.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. திறந்து வைத்தல் வேறு, படித்தல் வேறு. டெபியன் என்னும் திறந்த இயங்குதளத்தின் பராமரிப்பாளர் ஒருவர் 2006 இல் மறைகுறி நிரலொன்றின் இரு வரிகளைத் தேவையற்றனவென எண்ணி நீக்கினார். எழுமாற்றெண் ஆக்கும் பகுதி அதனாற் பழுதுற்றது. அத்தளத்தில் ஆக்கப்பட்ட திறவுகோல்கள், ஒவ்வொரு வகையிலும் அளவிலும், 32,768 க்கு மேற்படா என்னும் நிலை ஏற்பட்டது. கள்வன் ஒருவன் அவை அனைத்தையும் முன்கூட்டியே ஆக்கி வைத்துக்கொள்ளலாம். இப்பழுது 2008 மே மாதத்திலேயே வெளிப்பட்டது. ஏறத்தாழ இரண்டாண்டுகள் அந்நிரல் உலகோர் அனைவர் கண்முன்னும் கிடந்தது, கண்டவர் இலர். 2014 இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் வழுவும் இரண்டாண்டுகள் திறந்த நிரலிலேயே உறங்கியது. பல கண்கள் நோக்கின் பிழை ஒளியாது என்று இயக்கத்தார் கூறுவர். கண்கள் நோக்கின் என்னும் நிபந்தனையை அவர்கள் மெல்லக் கடந்துவிடுகின்றனர். படிப்பாரற்ற திறந்த நிரலும் உரையளவையேயாம். மூடிய நிரலை நம்புவோன் ஒரு நிறுவனத்தின் சொல்லை நம்புகின்றான். படியாது திறந்த நிரலை நம்புவோன், யாரோ படித்திருப்பார் என்னும் வதந்தியை நம்புகின்றான். இரண்டனுள் எது மேல் என எளிதிற் கூறல் ஒண்ணாது.

மூன்றாவதாக, நிரல் நூலைப்போல் ஒருமுறை எழுதிய பின் நிலைபெறுவதன்று. 1997 இல் கானி எழுதிய தேற்றம் இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னும் மாற்றமின்றிப் பயன்பட்டது. 2020 சனவரியில் சேஜ் பைதன் மொழியின் புதிய வடிவத்துக்கு மாறியபோது, பழைய வடிவில் எழுதப்பட்ட நிரல்கள் பல திருத்தமின்றி இயங்கா நிலை எய்தின. திறந்த மென்பொருளைப் பேணுதற்கு ஆளும் பொருளும் இடையறாது வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் 2019 வரை ஒரு திட்டத்தின்கீழ் இத்தகைய மென்பொருள்களுக்குப் பொருளுதவி செய்தது. ஆயின் பல்கலைக்கழகங்களிற் பதவி உயர்வு கட்டுரைக்கே கிடைக்கின்றது. நிரல் எழுதுவோர்க்கு அரிதாகவே கிடைக்கின்றது. ஸ்ரைன் தாமே 2015 இல் நிறுவனமொன்றைத் தொடங்கி, பின்னர் பேராசிரியர் பதவியையும் துறந்தார். இலவசமாக வழங்கப்படுவது செலவின்றி ஆக்கப்பட்டதென எண்ணுவது பேதைமை.

இவ்வளவும் கூறியபின் துணிபு யாது? திறந்த மூலநிரல் உண்மையைத் தானே தரமாட்டாது. உண்மையைத் தேடுவோனுக்கு வழியைத் தடுக்காது விடுகின்றது. அவ்வழியில் நடத்தல் தேடுவோன் கடமை. தமிழ் மரபில் நூலாசிரியன் தன் நூலை அறிஞர் அவையிலே அரங்கேற்றினான். அவையோர் எழுப்பிய தடைகளுக்கு விடையிறுத்த பின்னரே அது நூலென மதிக்கப்பெற்றது. அவைக்கு வராத நூலை எவரும் மதித்திலர். அவைக்கு வந்தும் கேட்பாரின்றிப் படிக்கப்பட்ட நூலை அரங்கேறியதென எவரும் கூறியிலர். மக்மாவின் கரு அவைக்கு வாராதது. சேஜும் அதன் தோழமை மென்பொருள்களும் அவைக்கு வந்துள்ளன. ஆயின் அவையில் இருக்கைகள் பல வெறுமையாகக் கிடக்கின்றன. போப்பும் ஊடொம்பெங்கும் 2022 இல் செய்த நற்செயல் யாதெனின், சைக்கின் வீழ்ச்சியை உறுதிப்படுத்தியமை அன்று. அஃது ஏற்கனவே உறுதியானது. அவ்வெறும் இருக்கைகளில் வந்தமர்ந்து, நிரலை வரிவரியாகப் படித்து, அதன் குறைகளை எடுத்துக்கூறியமையே ஆகும்.

இவ்விருக்கைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. உயர்தர வகுப்பில் முதன்மை எண்களையும் எச்சங்களையும் கற்ற மாணவனொருவன் பாரி மென்பொருளை இன்றே பெற்று, ஓர் எண் முதன்மை எண்ணா என்பதை அது யாங்ஙனம் துணிகின்றது என ஆராயத் தொடங்கலாம். முதலிற் சில வரிகளே விளங்கும். பழைய உரைகளைக் கற்கத் தொடங்குவோர்க்கும் அவ்வாறே. விடையை மாத்திரம் பெற்று மகிழ்பவன் சேஜைக் கையாளினும் மக்மாவைக் கையாளினும் கேள்வியறிவினனே. விடை வந்த வழியை நோக்குபவனே கணிதம் கற்றவன். மென்பொருளைக் கற்பிக்கும் ஆசிரியர் எவ்விசையை அழுத்துதல் வேண்டும் என்பதோடு நிறுத்தாது, அழுத்தியபின் உள்ளே நிகழ்வது யாது என்பதையும் ஒரு பாடவேளையேனும் மாணவரோடிருந்து படிப்பாராயின், நாளைய மறைகுறிகளின் வலிமையை அளக்கும் அவையில் அம்மாணவருட் சிலரேனும் அமர்வர்.